கடைசியாக நடப்பவரின் வேகம்

குன்றேறுதல் நம் மரபுக்குப் புதிதன்று. முருகனின் படைவீடுகளுள் ஒன்று 'குன்றுதோறாடல்' என்றே வழங்கப்படுகிறது. பழநியிலும் சுவாமிமலையிலும் படியேறிப் பழகியவர்கள் பணியின் பொருட்டுப் புனே நகரில் குடியேறினால், அங்கும் குன்றுகளுக்குக் குறைவில்லை. பர்வதி, சதுஸ்சிருங்கி, ஹனுமான் டேக்டி, வேதாள் டேக்டி ஆகியவை நகரத்துக்குள்ளேயே நிற்கின்றன. 'டேக்டி' என்பது மராத்தியில் சிறு குன்றைக் குறிக்கும் சொல். விடியற்காலையில் டேக்டிக்குச் சென்று வருவது புனே மக்களின் நெடுநாள் வழக்கம். விடுமுறை நாளில் குடும்பமாகப் புறப்பட்டு, இரண்டு மூன்று குன்றுகளை ஏறி வருவோரும் உண்டு.

பாட்டி, தாய் தந்தையர், இரு குழந்தைகள் என ஐவர் அவ்வாறு புறப்படுவதாகக் கொள்வோம். முதலில் பர்வதி. 103 கற்படிகள். சிறுவன் ஓடியே மேலேறிவிடுகிறான். தங்கை அவனைத் துரத்துகிறாள். நாற்பதாம் படியில் பாட்டியின் முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறது. "நீங்கள் இங்கேயே உட்கார்ந்திருங்கள் அம்மா, நாங்கள் போய் வந்துவிடுகிறோம்" என்கிறான் மகன். அவன் அன்பில்லாதவன் அல்லன். கணக்கு மட்டுமே அவன் மனத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டு குன்றுகள் உள்ளன, வெயிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த நொடியில் 'குடும்பம்' என்ற சொல்லிலிருந்து ஒருவர் கழிக்கப்பட்டுவிட்டார். நாள் முழுவதற்குமான பாடம் இந்த நாற்பதாம் படியில்தான் இருக்கிறது.

அக்குன்றின் வரலாறே இதற்குத் துணை செய்கிறது. பேஷ்வா நானாசாகேபின் தாயார் காசிபாய்க்குக் காலில் நோய் கண்டிருந்தது என்றும், இக்குன்றிலிருந்த தேவியை வேண்டிக் குணமடைந்தார் என்றும், அந்த நேர்த்திக்கடனாகவே மகன் 1749-ஆம் ஆண்டளவில் இங்கே கோயில் எழுப்பினார் என்றும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. நடக்க இயலாத ஒரு தாயின் கால்களை முன்னிட்டுப் பிறந்த கோயில் அது! 1761-இல் பானிபத் போரில் மூத்த மகன் விசுவாசராவையும் தம்பி முறையான சதாசிவராவ் பாவுவையும் இழந்த நானாசாகேப், அதே ஆண்டில் இதே பர்வதிக் குன்றின்மீது உயிர் நீத்தார். வெற்றிக் காலத்தில் தாம் எழுப்பிய கோயிலின் நிழலுக்கே தோல்விக் காலத்தில் அவர் வந்து சேர்ந்தார். மேலே கார்த்திகேயனுக்கும் ஒரு சந்நிதி உண்டு. மகாராஷ்டிரத்தில் அவரைப் பிரம்மசாரியாகவே கருதுவர். வள்ளி தெய்வானையுடன் கண்டு பழகிய நம் குழந்தைகளுக்கு இது வியப்பாக இருக்கும்.

அடுத்தது சதுஸ்சிருங்கி. நாசிக் மாவட்டத்து வணி என்னும் ஊரிலுள்ள சப்தசிருங்கி தேவியின்மீது பேரன்பு கொண்டிருந்த வணிகர் ஒருவர் ஆண்டுதோறும் அங்குச் சென்று வந்தாராம். முதுமையில் அவரால் மலையேற முடியவில்லை. மனம் நொந்தவரின் கனவில் தேவி தோன்றி, "நீ வர இயலாவிட்டால் நான் வருகிறேன்" என்று கூறி இக்குன்றில் எழுந்தருளினாள் என்பது தலபுராணம். பக்தனின் வேகத்துக்குத் தெய்வமே தன் நடையை மாற்றிக்கொள்கிறது. நாமோ பாட்டிக்காக ஐந்து நிமிடம் நிற்கத் தயங்குகிறோம்.

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே நாட்டினர் குடும்பத்துடன் மலை நடப்பதை வாழ்க்கையின் பகுதியாகவே கொண்டவர்கள். நிலம் யாருக்குச் சொந்தமாயினும், பயிரிடப்படாத வெளியில் எவரும் நடந்து செல்லலாம் என்ற உரிமையை 1957-இல் சட்டமாகவே எழுதி வைத்தனர். 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் உயிரிழந்த பின்னர், மலைநடைக்கான விதிகள் அங்கு நாடெங்கும் பரப்பப்பட்டன. தக்க நேரத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அவற்றுள் ஒன்று. பனிப்புயல் வீசும் மலைக்குச் சொன்ன விதி நம் சிறு குன்றுக்கு எதற்கு என்று கேட்கலாம். அங்கே தடுக்கப்படுவது உயிரிழப்பு. இங்கே தடுக்கப்படுவது ஒரு முதியவரின் மனத்தில் 'நான் பாரமாகிவிட்டேன்' என்ற எண்ணம். இரண்டாவது சிறியது என்று எமக்குத் தோன்றவில்லை.

செய்ய வேண்டியது எளிது. மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு மற்றவர்கள் பின்னே செல்ல வேண்டும். அவர் நிற்கும்போது அனைவரும் நிற்பர். அவர் மூச்சு வாங்குவதை யாரும் கணக்கெடுப்பதில்லை. சிறுவனுக்கு இது கடினமான தவம். கீதையின் ஆறாம் அத்தியாயம், உறுதியுடன் கூடிய புத்தியால் மனத்தைச் சிறிது சிறிதாக அடக்க வேண்டும் என்கிறது. அந்தச் 'சிறிது சிறிதாக' என்பதன் பொருளை, பாட்டியின் பின்னால் 103 படிகள் ஏறும் பத்து வயதுப் பிள்ளை உரைநூல்களின் உதவியின்றியே அறிந்துகொள்வான். பாட்டி உண்மையிலேயே ஏற இயலாதபோது ஒருவர் உடன் அமரட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அமர்பவர் மாறட்டும். இழுத்துக்கொண்டு ஏறுவதும் விட்டுவிட்டு ஏறுவதும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள்.

மாலையில் வேதாள் டேக்டி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர். நகரிலேயே உயர்ந்த இடம். ஒரு பகுதிவரை சாலை உள்ளதால் பாட்டிக்கும் எளிது. உச்சியிலுள்ள வேதாள் கோயிலைக் கண்டதும் குழந்தைகள் விக்கிரமாதித்தன் கதையைக் கேட்பார்கள், சொல்லலாம். ஆனால் இந்த வேதாள் அஞ்சத்தக்கவர் அல்லர், காவல் தெய்வம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பாறைமீது அமர்ந்து தயிர் சாதம் உண்ணலாம். மயில் அகவுவது கேட்கும். இக்குன்றின் குறுக்கே மாநகராட்சி திட்டமிட்ட சாலையை எதிர்த்து 2023-இல் நகர மக்கள் ஊர்வலம் சென்றனர். அதில் முதியவர்களும் குழந்தைகளும் சேர்ந்தே நடந்தார்கள்.

ஹனுமான் டேக்டி அன்று விட்டுப்போயிருக்கும். அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு. இருட்டுமுன் இறங்கத் தொடங்க வேண்டும். இறக்கத்தில்தான் முழங்கால் அதிகம் வலிக்கும் என்பதால், அப்போதும் பாட்டியே முன்னே.