வாங்குவது கையா, மனசா?
(நுகர்வோர் முடிவுகளில் பொருளாதாரமும் உளவியலும்)



இறுதியாண்டில் இருக்கும் நம்மில் பலர் அடுத்த வருடம் இந்நேரம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருப்போம். மாதம் பிறந்தால் சொந்தமாகச் சம்பாதித்த காசு கைக்கு வரும். சம்பாதிப்பது எப்படி என்று நமக்கு ஆறு செமஸ்டர் பாடம் நடக்கிறது. செலவு செய்வது எப்படி என்று ஒரு பீரியடு கூடக் கிடையாது. ஆனால் கடைக்காரருக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் அந்தப் பாடம் தலைகீழ்ப் பாடம்!

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கடையில் தவணைப் பத்திரத்தை நீட்டி, "இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால், அதைப் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்தான். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை. ஒரு பொருளை நாம் ஏன் வாங்குகிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்குப் பொருளாதாரம் ஒரு பதில் சொல்கிறது. உளவியல் இன்னொரு பதில் சொல்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

1. பொருளாதாரம் சொல்லும் பதில்

பசியோடு பரோட்டாக் கடைக்குப் போகிறோம். முதல் பரோட்டா அமிர்தம். இரண்டாவது ருசி. மூன்றாவது பரவாயில்லை. நாலாவதைப் பார்த்தாலே போதும் போதும் என்றாகிவிடும். விலை நாலுக்கும் ஒன்றுதான், ஆனால் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகிறது. இதைத்தான் "குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி" என்கிறார்கள். இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட நூலில் இந்த விதியிலிருந்துதான் தேவை விதியை விளக்கினார். கூடுதலாகக் கிடைக்கும் ஒன்றின் பயன் குறைகிறது. எனவே விலை இறங்கினால்தான் நாம் இன்னொன்று வாங்குவோம்.

ஆடித் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற விவசாயியின் காசு நிலத்துக்குள் போய்விடும். துணிக்கடைக்குக் கூட்டம் வராது. தேவை குறைந்தால் விலையை இறக்கியாவது சரக்கைத் தள்ள வேண்டும். கடைக்காரர் செய்வது தர்மம் அல்ல, தேவை விதி!

இன்னொரு முக்கியமான கருத்து, வாய்ப்புச் செலவு. ஆயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கினால் அதன் உண்மையான செலவு ஆயிரம் ரூபாய் மட்டும் இல்லை. அந்த ஆயிரத்தில் வேறு எதைச் செய்திருப்போமோ, அதில் சிறந்த ஒன்றை விட்டுவிட்டோமே, அதுதான் செலவு. செமஸ்டர் ஃபீஸ் கட்டும் வீட்டில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே, வருமானம் குறைந்த குடும்பத்தில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு அதிகம் என்று கண்டார். அப்படியானால் சாப்பாடு போக மிச்சம் இருக்கும் காசு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் முடிவு தப்பினால் அடி பலமாக விழும்.

2. உளவியல் சொல்லும் பதில்

பழைய பொருளாதாரப் பாடத்தில் வரும் மனிதன் எல்லா விலையும் அறிந்தவன், எல்லாக் கணக்கும் போடுபவன். அப்படி ஒருத்தரை நீங்கள் பார்த்ததுண்டா? அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1955-ல் இதைக் கேள்வி கேட்டார். மனிதனுக்கு நேரமும் தகவலும் கணக்கிடும் சக்தியும் அளவோடுதான் இருக்கின்றன. அதனால் மிகச் சிறந்ததைத் தேடாமல் "இது போதும்" என்று தோன்றுவதை எடுத்துக்கொள்கிறான் என்றார். 1978-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து வந்தவர்கள் டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள். 1981-ல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனை நமக்காகவே செய்தது போல இருக்கும், ஏனென்றால் அதில் வருவது கால்குலேட்டர்! நீங்கள் 15 டாலர் கால்குலேட்டர் ஒன்றும் 125 டாலர் ஜாக்கெட் ஒன்றும் வாங்கப் போகிறீர்கள். கால்குலேட்டர் 20 நிமிட தூரத்தில் உள்ள கிளைக் கடையில் 10 டாலருக்குக் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். போவீர்களா? நூற்றுக்கு 68 பேர் போவேன் என்றார்கள். இன்னொரு குழுவுக்கு விலையை மாற்றிக் கேட்டார்கள். கால்குலேட்டர் 125, ஜாக்கெட் 15. அந்தக் கிளையில் கால்குலேட்டர் 120. இப்போது போவேன் என்றவர்கள் 29 பேர்தான். இரண்டிலும் மிச்சமாவது அதே 5 டாலர், போக வேண்டியதும் அதே 20 நிமிடம்! மனசு ரூபாயை ரூபாயாகப் பார்ப்பதில்லை, சதவீதமாகப் பார்க்கிறது. கத்திரிக்காய்க்கு ஐந்து ரூபாய் பேரம் பேசும் நாம், பைக் வாங்கும்போது "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்" என்று ஆயிரங்களைச் சேர்த்தால் தலையாட்டுவது இதனால்தான்.

1979-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு உண்மை இருக்கிறது. நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வலி பெரிது. பின்னால் நடந்த ஆய்வுகள் இந்த வலியை ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்கிட்டன. "இன்றே கடைசி! தவற விடாதீர்கள்!" என்று ஏன் போர்டு எழுதுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? லாபத்தைக் காட்டுவதைவிட நஷ்டத்தைக் காட்டினால் கால் வேகமாக நடக்கும்.

நம் ஒர்க்‌ஷாப் மொழியில் சொல்கிறேன். வெர்னியர் காலிப்பரில் ஜீரோ எரர் இருந்தால் அதைத் தூக்கியா எறிகிறோம்? எரர் எந்தப் பக்கம், எவ்வளவு என்று பார்த்து, அளவில் கழித்துக்கொள்கிறோம். மனசும் அப்படித்தான். பழைய பொருளாதாரம் மனசை எரர் இல்லாத கருவி என்று எடுத்துக்கொண்டது. உளவியல் என்ன கண்டுபிடித்தது தெரியுமா? எரர் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் இருக்கிறது. ஒரே பக்கமாக இருப்பதால் கடைக்காரர் அதைப் பயன்படுத்த முடிகிறது. அதே காரணத்தால் நாமும் அதைத் திருத்திக்கொள்ள முடியும்.

3. கடைத்தெருவில் நடப்பது என்ன?

(அ) அடித்த விலை: "ரூ.1,500" என்று எழுதி, குறுக்கே கோடு போட்டு, கீழே "ரூ.899". நாம் பார்ப்பது 899-ஐ அல்ல, 601 மிச்சத்தை! முதலில் கண்ணில் பட்ட எண்ணைச் சுற்றியே மனசு நங்கூரம் போட்டு நிற்கும். கானமனும் டிவெர்ஸ்கியும் 1974-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சக்கரம் வரும். 10 அல்லது 65-ல் மட்டுமே நிற்கும்படி செய்த சக்கரம். அதைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபை நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடு எண் 25. 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அடித்த விலைக்கும் துணியின் தரத்துக்கும் பல சமயம் அவ்வளவுதான் சம்பந்தம்.

(ஆ) ஷாம்பு பாக்கெட்: இது நம்ம ஊர்ப் பாடம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்பதில் முன்னோடி. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். பொருளாதாரப்படி பார்த்தால், தினக்கூலி வாங்குபவரின் பட்ஜெட்டும் தினப் பட்ஜெட்தான். பாட்டில் விலையை ஒரே நாளில் எடுக்க முடியாது, பாக்கெட் விலையை எடுக்கலாம். உளவியல்படி பார்த்தால், பிடிக்காவிட்டால் போகட்டும் என்று துணிந்து வாங்கலாம். அவர் ஒரு திட்டமும் கொண்டு வந்தார். காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். முதலில் எந்தக் கம்பெனி உறையும் செல்லும். பழகிய பிறகு சிக் உறை மட்டும்தான் செல்லும் என்றார். குப்பையில் போட வேண்டிய உறைக்கு விலை வந்துவிட்டது, அதை விட மனசு வருமா?

இங்கே ஒரு எச்சரிக்கை. "பெரிசா வாங்கினா மலிவு" என்பது எப்போதும் உண்மையில்லை. ஷாம்புவில் பல சமயம் பாக்கெட்தான் மலிவு. விலையை மில்லியால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு வகுத்தல் கணக்கு!

(இ) தவணை: இதுதான் நம் வீடுகளைக் கடிக்கும் இடம். ஒரு டி.வி. 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "வருஷத்துக்கு 12 சதவீதம்தான் வட்டி, 12 மாதத் தவணை" என்கிறார்கள். வட்டி 1,440. மொத்தம் 13,440. மாதம் 1,120. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருடம் பூராவும் 12,000 நம்மிடம் கடனாக இருக்கிறதா? இல்லையே! மாதாமாதம் அசலில் ஆயிரம் கழிகிறது. முதல் மாதம் 12,000, அடுத்து 11,000, கடைசி மாதம் 1,000. கூட்டினால் 78,000. பன்னிரண்டால் வகுத்தால் சராசரிக் கடன் 6,500 மட்டுமே. 6,500-க்கு 1,440 வட்டி என்றால் சுமார் 22 சதவீதம்! ஊர்க் கணக்கில் சொன்னால், "ஒரு வட்டி" என்று கொடுத்த கடன் நிஜத்தில் கிட்டத்தட்ட "ரெண்டு வட்டி".

வட்டியே இல்லை என்றால்? 2013-ல் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்பது உண்மையில் இல்லை, வட்டி வேறு கட்டணங்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ரொக்கமாக் கொடுத்தா என்ன விலைங்க?" அந்த விலைக்கும் தவணை மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி, அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

(ஈ) கண்ணுக்குத் தெரியாத காசு: நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் ஒரு பிரேக். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள், கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றவுடன், ரொக்கம் கட்டச் சொன்னவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஏலம் கேட்டார்கள். நம் நாட்டில் 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு டீக்கடையில் கூட ஸ்கேன்தான். வசதி உண்மை. பிரேக் தேய்ந்ததும் உண்மை.

4. அப்போ நாம என்ன செய்யலாம்?

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அரிசிக் காசுக்கு ஒரு டப்பா, எங்க ஃபீஸுக்கு ஒரு டப்பா, தீபாவளிச் சீட்டுக்கு ஒரு டப்பா. ஃபீஸ் டப்பாவில் வேறு செலவுக்கு அவர் கை வைத்து நான் பார்த்ததில்லை. இப்படி மனசு காசைத் தனித்தனிக் கணக்காகப் பிரித்து வைப்பதை ஆராய்ந்தவர் ரிச்சர்ட் தேலர். 2017-ல் நோபல் பரிசு பெற்றவர். எல்லா ரூபாயும் ஒரே ரூபாய்தான், டப்பா எதற்கு என்று பழைய பொருளாதாரம் கேட்கும். டப்பா ஒரு பூட்டு என்று உளவியல் பதில் சொல்லும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆசை வரும்போது டப்பா காப்பாற்றும். ஆனால் டப்பாவில் காசை வைத்துக்கொண்டு வெளியே மூணு வட்டிக்குக் கடன் வாங்கினால் வருடத்துக்கு 36 சதவீதம் நஷ்டம். அப்போது டப்பாவைத் திறப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆகவே நண்பர்களே, சுருக்கமாக:

1. வாங்கப் போகும் பொருளையும் அதிகபட்ச விலையையும் வீட்டிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். நங்கூரத்தை நாமே போட்டுக்கொண்டு போவோம்.
2. தள்ளுபடியைச் சதவீதத்தில் பார்க்காதீர்கள், ரூபாயில் பாருங்கள்.
3. தவணை என்றால் ரொக்க விலையைக் கேட்டு, வித்தியாசத்தை எழுதிப் பார்த்த பிறகே கையெழுத்து.
4. பெரிய செலவை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். மறுநாளும் தேவை என்று தோன்றினால் வாங்குங்கள்.
5. கையில் ஸ்டைபெண்ட் வந்த அன்றே டப்பாக்களைப் பிரித்துவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு, ஆசைப்பட்டு எதையுமே வாங்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும் என்று நம்மில் எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மனசின் எரர் அல்ல. அதில் கிடைக்கும் திருப்தியை எந்த விலைச் சீட்டும் காட்டாது. தாராளமாக எடுப்போம். ஆனால் நாமாக விரும்பி எடுப்போம், ரொக்கத்தில் எடுப்போம்!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை