கொள்ளேகாலும் மங்களூரும் ஒரே பகுதியா?

மைசூரு

அன்புள்ள தம்பிக்கு,

"1956 நவம்பர் 1-ஆம் தேதி கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தை விட்டு மைசூரோடு சேர்ந்துவிட்டது. அதற்குமேல் எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். அந்தச் 'சேர்ந்துவிட்டது'தான் எனக்கு உறுத்தல். மாவட்டம் என்றால் கலெக்டர் கச்சேரி, அவ்வளவுதான் என்று நினைக்கிற பழக்கம் உங்கள் தலைமுறைக்கு எப்படி ஒட்டிக்கொண்டதோ! அன்று கிராமத்து ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஜில்லா போர்டின் பாடு. 1884-ஆம் ஆண்டு மதராஸ் சட்டம் அமைத்த அந்த போர்டுக்குத் தனி வரி, தனிக் கணக்கு. தஞ்சாவூர் ஜில்லா போர்டைப் பார். குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா, செஸ் போட்டு அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் பாதையே போட்டது. 1894-ல் வண்டி ஓடியது. காலணாவில் ரயில், தம்பி! இன்றைய எந்த மாவட்டப் பஞ்சாயத்தாவது இதை நினைத்துப் பார்க்குமா? ஜில்லா போர்டைப் பற்றி யார் பேசினாலும் நான் இந்த ரயிலில் ஏறிவிடுவேன், பொறுத்துக்கொள்.

"அந்த போர்டுக்குத் தலைவரே கலெக்டர்தானே, அது என்ன சுயாட்சி?" என்பாய். தொடக்க காலத்துக்கு அது சரியான ஆட்சேபம். ஆனால் ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி ஒன்றாகிவிடாது. ரெவினியூ மாவட்டத்தை ஒரே நாளில் மாற்றலாம். உள்ளாட்சிச் சட்டத்தை அப்படி மாற்ற முடியாது. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவைப் படி: புதிய சட்டம் வரும்வரை பழைய சட்டமே செல்லும். பட்டுக்கும் மாதேசுவரன் மலைக்கும் பேர்போன கொள்ளேகால் மைசூருக்கு வந்தும், அங்கே செல்லுபடியானது மதராஸ் சட்டம். அதனால்தான் கர்நாடகச் சட்டங்களில் 'மங்களூர், கொள்ளேகால் பகுதி' என்ற விசித்திரமான சொற்றொடரைப் பார்க்கிறாய். ஒன்று மேற்குக் கடற்கரை, மற்றது காவிரிக்கரைத் தாலுகா. இரண்டும் மதராஸிலிருந்து வந்தவை என்பது தவிர வேறு உறவில்லை. மைசூர் மாநிலம் முழுவதற்கும் ஒரே உள்ளாட்சிச் சட்டம் 1959-ல்தான் வந்தது.

அந்தச் சட்டம் ஜில்லா போர்டை ஒழித்து, தாலுகா போர்டுகளை வைத்தது. மாவட்ட அளவில் மிஞ்சியது, டெபுடி கமிஷனர் தலைமையில் ஆலோசனை சொல்லும் ஒரு வளர்ச்சி மன்றம். கொள்ளேகால் மதராஸிலேயே இருந்திருந்தாலும் போர்டு தப்பியிருக்காது. அங்கே 1958-லேயே அதை எடுத்துவிட முடிவாகிவிட்டது. மாவட்டமோ அதற்குப் பிறகும் மாறியது: 1997-ல் கொள்ளேகால் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. அடுத்த கடிதத்தில் 'சேர்ந்துவிட்டது' என்று எழுதுமுன், எந்த மாவட்டம், எந்தச் சட்டம் என்று பார்த்துவிட்டு எழுது.