கோடை இடிமழையும் வயல் வடிகாலும்

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுவடையானதும் நிலம் சும்மா கிடப்பதில்லை. நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் வளர்கின்றன. நீர் வசதி உள்ள இடங்களில் எள், நிலக்கடலை, பருத்தி ஆகியவை கோடைப் பயிராகச் சாகுபடி செய்யப்படுகின்றன. ஓரிரு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, குறுவைக்கு வேண்டிய விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் பணம் தருவது பெரும்பாலும் இப்பயிர்களே.

இப்பயிர்களுக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறையால் வரும் கெடுதலை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் பெய்யும் ஒரே ஓர் இடிமழையால் வரும் கெடுதலைப் பற்றி மழை பெய்த மறுநாள்தான் நினைக்கிறோம். 2024-ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கோடை மழையில் டெல்டாவின் பல ஊர்களில் பருத்தி, எள் வயல்களில் நீர் தேங்கிப் பயிர் சேதமடைந்தது.

கோடை மழையைத் தடுக்க நம்மால் ஆகாது. தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் பெய்த நீரை ஒரு நாளைக்குள் வயலைவிட்டு வெளியேற்ற நம்மால் முடியும். அதற்கான வேலைகளை மழைக்கு முன்பே செய்து வைப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இடிமழை உண்டாகும் விதம்

கோடையில் காலை முதல் வெயிலில் தரை காய்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி இலேசாகி மேலெழும்புகிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து ஈரப்பதம் மிகுந்த கடற்காற்று உள்ளே நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் இந்த ஈரக்காற்றும் சந்திக்கும் இடத்தில் ஈரக்காற்று மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாக மாறி மேகமாகிறது. சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு மேல் துளிகள் உறையத் தொடங்குகின்றன. இவ்விதம் 10 முதல் 15 கி.மீ. உயரம் வரை கோபுரம் போல் வளரும் மேகமே இடிமழையைத் தருகிறது.

இம்மேகத்தின் உயரம் பெரிது, பரப்பு சிறிது. ஒரு மேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். அதன் ஆயுளும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இதனால்தான் ஓர் ஊரில் வயல் மூழ்க, அடுத்த ஊரில் புழுதி பறக்கிறது. மழைக்குச் சற்று முன் திடீரென்று குளிர்ந்த காற்று பலமாக வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். மேகத்திலிருந்து மழையுடன் கீழிறங்கும் குளிர்காற்று தரையில் மோதிப் பரவுவதே அது. முற்றிய நெல் சாய்வதும் வாழை முறிவதும் இக்காற்றினால்தான்.

அளவு குறைவு, வேகம் அதிகம்

தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 920 மி.மீ. இதில் மார்ச் முதல் மே முடிய உள்ள மூன்று மாதங்களில் கிடைப்பது சுமார் 125 மி.மீ. மட்டுமே. மொத்த அளவைப் பார்த்தால் இது பயப்படும்படியான மழை அன்று. ஆனால் இதில் பெரும் பகுதி ஒரு சில மாலை நேரங்களிலேயே கொட்டிவிடுகிறது. கெடுதல் செய்வது மழையின் அளவைவிட அதன் வேகமே.

மண் நீரை உறிஞ்சும் வேகம் மண்ணுக்கு மண் வேறுபடும். மணற்சாரி நிலம் மணிக்கு 20 முதல் 30 மி.மீ. வரை நீரை உறிஞ்சும். களி கலந்த வண்டல் நிலம் மணிக்கு 5 முதல் 10 மி.மீ. வரை உறிஞ்சும். களிமண் நிலமோ மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் உறிஞ்சும். டெல்டாவில் பெரும்பாலான நன்செய் நிலங்கள் களிப்பாங்கானவை. நெல்லுக்காகச் சேறு கலக்கி உழுததால் அடிமண்ணும் இறுகியிருக்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மி.மீ. மழை பெய்தால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர். களிமண் அதில் 5 மி.மீ. அளவை உறிஞ்சினாலும் மீதி 1 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் வயலில் நிற்கும். இதை 24 மணி நேரத்தில் வெளியேற்ற, வினாடிக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல் நீர் வடிந்தால் போதும்.

இது முடியாத காரியமன்று. ஓர் அடி அகலமும் அரை அடி ஆழமும் உள்ள வடிகாலில் வினாடிக்கு 10 செ.மீ. என்ற மெதுவான வேகத்தில் நீர் ஓடினாலும் வினாடிக்குச் சுமார் 4½ லிட்டர் வெளியேறும். ஓர் ஏக்கரில் தேங்கிய நீர் 11 மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆனால் வெளியேறும் நீர் போய்ச் சேரும் இடம் திறந்திருக்க வேண்டும். ஐம்பது ஏக்கர் நீரும் ஒரே பொது வடிகாலில் சேருமானால், அவ்வடிகால் வினாடிக்கு 100 லிட்டருக்கு மேல் கொண்டு செல்ல வேண்டும். அந்த வடிகாலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தால், தனி வயலில் எவ்வளவு நன்றாக வடிகால் வெட்டியும் பயன் இல்லை.

நீர் தேங்கினால் பயிருக்கு நேருவது என்ன?

வேரும் சுவாசிக்கிறது. மண்ணிலுள்ள துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிரம்பிவிட்டால், எஞ்சிய பிராணவாயு ஓரிரு நாட்களில் தீர்ந்துவிடும். வேர் வேலை செய்வதை நிறுத்திக்கொள்கிறது. நீரில் நின்றுகொண்டே பயிர் வாடுவதற்குக் காரணம் இதுவே. மண்ணிலுள்ள தழைச்சத்தும் வீணாகி இலைகள் மஞ்சளாகின்றன.

நெல்லின் தண்டில் காற்று செல்லும் குழாய்கள் இருப்பதால் அது நீரில் நிற்கிறது. மற்றப் பயிர்களுக்கு அவ்வசதி இல்லை. எள், உளுந்து, பச்சைப்பயறு ஆகியவை ஓரிரு நாள் தேக்கத்தைக்கூடத் தாங்குவதில்லை. தொடர்ந்து வேரழுகலும் தாக்கும். பருத்தியில் சப்பைகளும் பூக்களும் பிஞ்சுக் காய்களும் உதிரும். மழை விட்ட மறுநாள் வெயில் கடுமையாக அடித்தால் செடிகள் திடீரென்று வாடும். முற்றிய கொத்து நிலக்கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. எள், உளுந்து ஆகியவற்றைப் புதிதாக விதைக்கும்போதே 10 முதல் 12 அடிக்கு ஒரு வடிகால் விட்டுப் பாத்தி அமைக்க வேண்டும். அரை அடி ஆழம் போதுமானது. பருத்தியைப் பாரின் மேல் நடவும். ஏற்கெனவே பயிர் நிற்கும் வயலில், வரிசைகளுக்கு இடையே மண்வெட்டியால் கால் பறித்துவிடலாம்.

2. வயலின் மிகத் தாழ்வான மூலையைக் கண்டறிய வேண்டும். தண்ணீர் பாய்ச்சும்போது நீர் கடைசியாகத் தேங்கி நிற்கும் இடம் எதுவோ, அதுவே அம்மூலை. எல்லாக் கால்களும் அங்கே சேர வேண்டும். அங்குள்ள வரப்பில் ஒரு மடை வைத்து, வேண்டும்போது திறக்கும்படி அமைக்கவும்.

3. எள், உளுந்து விதைகளைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் வேரழுகல் நோய் குறையும்.

4. அன்றாடம் வானிலை அறிவிப்பைக் கேட்க வேண்டும். சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள ராடார்கள் மேகக் கூட்டத்தைக் கண்காணிக்கின்றன. இந்திய வானிலைத் துறை அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வெளியிடுகிறது. 'மேகதூத்' செயலியில் பயிருக்கான ஆலோசனையும், 'தாமினி' செயலியில் மின்னல் எச்சரிக்கையும் கிடைக்கும். மழை எதிர்பார்க்கப்படும் நாளில் நீர் பாய்ச்சுவதையும் உரமிடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிப்போடவும்.

5. முற்றிய உளுந்தை வயலில் விட்டுவைக்க வேண்டாம். அறுத்த எள் கட்டுகளை மேட்டுக் களத்தில் அடுக்கி, தார்ப்பாய் தயாராக வைத்திருக்கவும்.

பொது வடிகாலைத் திறந்து வைத்தல்

கோடையில் வடிகால்கள் வறண்டு கிடப்பதால் அவற்றை நாம் மறந்துவிடுகிறோம். தை, மாசி மாதங்களில் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்குவதற்காக வடிகாலின் குறுக்கே மண் கொட்டி வழி அமைப்பதுண்டு. அறுவடை முடிந்ததும் இயந்திரம் போய்விடும். மண் அங்கேயே இருக்கும். சித்திரையில் பெய்யும் மழைக்கு அதுவே அணையாகிவிடுகிறது. டெல்டாவில் நிலச்சரிவு மிகக் குறைவு. ஆகவே அரை அடி மண் தடுப்புக்கூட மேலே பல ஏக்கரில் நீரைத் தேக்கிவிடும்.

நீர் தேங்கிய இரவில் மேல் வயல்காரர் வரப்பை வெட்டினால் தண்ணீர் கீழ் வயலில் இறங்குகிறது. கீழ் வயல்காரர் அடைக்கிறார். இருவருக்கும் மனக்கசப்பு உண்டாகிறதே தவிர, தண்ணீர் குறைவதில்லை. கீழ் வயல்காரரின் எள்ளும் மேல் வயல்காரரின் எள்ளைப் போன்றதுதானே! இரவில் வரப்பில் நின்று தீர்க்க முடியாத இப்பிரச்சினையைப் பங்குனி மாதத்தில் ஒரு பகற்பொழுதில் தீர்த்துவிடலாம்.

ஒரே வடிகாலில் நீர் விடும் விவசாயிகள் அனைவரும் ஒரு நாள் காலையில் கூடி, கடைமடை வயலில் தொடங்கிப் பெரிய வடிகால் வரை நடந்து பார்க்க வேண்டும். குறுக்கே உள்ள மண்ணை அகற்றி, செடிகொடிகளை வெட்டிக் கரையேற்ற வேண்டும். நிரந்தரமான வழி தேவைப்படும் இடத்தில் மண்ணுக்குப் பதில் சிமெண்டுக் குழாய் பதிக்கலாம். வேலையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்குவது முக்கியம். மேல்பகுதியை மட்டும் திறந்துவிட்டால் கீழ் வயல்களுக்கே கேடு. பெரிய வடிகாலில் அடைப்பு இருந்தால் எல்லோரும் கையெழுத்திட்டு நீர்வளத் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கவும். ஆயில் என்ஜினும் பம்பும் வைத்திருப்பவர் யார், எண்ணெய்ச் செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதையும் அன்றே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

மழைக்குப் பின் செய்ய வேண்டியவை

முதல் வேலை மடையைத் திறப்பது. முதல் 24 மணி நேரமே முக்கியமானது. நீர் வடிந்து, மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் இலேசாகக் கொத்திவிட வேண்டும். இதனால் இறுகிய மேல்மண் உடைந்து வேருக்குக் காற்று கிடைக்கும். பருத்திக்கு மண் அணைக்கவும். ஈரம் மிகுந்திருக்கும்போது வயலில் இறங்கி மிதித்தால் மண் மேலும் இறுகும்.

வேர் சோர்ந்திருப்பதால் இலை வழியாகச் சத்துக் கொடுப்பது பலன் தரும். பூக்கும் பருவத்திலுள்ள உளுந்து, பச்சைப்பயறுக்கு ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முதல் நாள் மாலை 10 முதல் 20 லிட்டர் நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி மாலை நேரத்தில் தெளிக்கவும். 15 நாட்கள் கழித்து மறுமுறை தெளிக்கவும். இதற்குப் பதில் ஏக்கருக்கு 2 கிலோ 'பயறு ஒண்டர்' தெளிக்கலாம். பருத்திக்குப் பூக்கும் பருவத்திலும் காய்க்கும் பருவத்திலும் ஏக்கருக்கு 2½ கிலோ 'பருத்தி பிளஸ்' 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். முற்றிய நிலக்கடலையைத் தாமதமின்றிப் பறித்து நன்கு உலர்த்த வேண்டும். ஈரக்காயைக் குவித்தால் நச்சுப் பூஞ்சணம் பிடிக்கும்.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காப்பீடு செய்த பயிர் சேதமடைந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்தச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு என்பதை விதைப்பின்போதே வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்துகொள்ளவும்.

உயிருக்குப் பாதுகாப்பு

பயிரைவிட உயிர் பெரிது. மின்னல் தெரிந்தது முதல் இடி கேட்கும் வரை வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்பது தெரியும். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் உடனே வேலையை நிறுத்திக் கட்டடத்துக்குள் செல்லவும். தென்னை, பனை, தனி மரங்களின் அடியில் நிற்பதோ மாட்டைக் கட்டுவதோ கூடாது. மண்வெட்டி, இரும்புக் குழாய் ஆகியவற்றைத் தோளில் சுமந்து வரப்பில் நடக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் சென்ற பின்பே வயலுக்குத் திரும்பவும். மோட்டார் கொட்டகையில் நீர் புகுந்திருந்தால், மின் ஊழியர் பார்த்துச் சொல்லும் வரை சுவிட்சைத் தொட வேண்டாம்.

மழையைப் பயன்படுத்திக்கொள்ளுதல்

பயிரில்லாத நிலத்துக்கு இதே மழை வரப்பிரசாதம். ‘கோடை உழவு கோடி நன்மை’ என்பது நம் முன்னோர் மொழி. மழை ஈரத்தில் உழுதால் களைகளும், மண்ணில் பதுங்கியுள்ள பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் அழியும். அடுத்த மழை நீர் மண்ணில் இறங்கும். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் அடுத்த நெல்லுக்குத் தழையுரமாகும்.

பாசன வாய்க்காலுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கை வடிகாலுக்கும் கொடுத்தால், கோடை மழை கெடுதலாக இல்லாமல் நன்மையாக அமையும். எனவே விவசாயப் பெருமக்கள் பங்குனி மாதத்திலேயே தம் வயலின் தாழ்ந்த மூலையில் மடை வைத்தும், அண்டை வயல்காரர்களுடன் கூடிப் பொது வடிகாலைத் திறந்து வைத்தும் கோடைப் பயிரைக் காத்துப் பயன் பெறுவார்களாக.