நெடுந்தீவு ரவுட்டருக்குப் போகும் வழி

அன்பின் தங்கச்சிக்கு,

ஊர்காவற்றுறையிலிருந்து நீர் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. புட்டி, மோபாஎக்ஸ்டெர்ம், எம்ரிமோட்என்ஜி, அதோடு டொலரில் சந்தா கட்டும் இரண்டு மூன்று மென்பொருள்கள். தீவுகளில் உள்ள சேர்வர்களையும் ரவுட்டர்களையும் தூர இருந்து பார்த்துக்கொள்ள இவற்றில் எது நல்லது என்று கேட்டிருந்தீர். கொழும்பில் வேலை செய்யும் ஒருவர் இதைக் கேட்டால், கைக்குப் பழகியதை வைத்துக்கொள்ளும் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அங்கே ரவுட்டர் கையை விட்டுப் போனால் ஓட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிடலாம். உமக்கு அப்படி இல்லை. நயினாதீவு என்றால் குறிகட்டுவானில் படகு ஏறிக் கால் மணி நேரம். நெடுந்தீவு என்றால் ஒரு மணி நேரக் கடல். சோளகக் காற்று பெலத்துப் படகுச் சேவையை நிறுத்திவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே இணைப்பு நன்றாக இருக்கும்போது ஒரு மென்பொருள் என்னென்ன வசதி காட்டுகிறது என்பதை இரண்டாவதாக வையும். இணைப்பு பாதியில் அறுந்தால் என்ன நடக்கும் என்பதை முதலில் கேளும்.

ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவில் ஒரு மைக்ரோடிக் ரவுட்டர். ஃபயர்வாலில் ஒரு விதியைச் சேர்க்கிறீர். வரிசையில் ஒரு படி மேலே வைத்துவிட்டீர், அது உமது இணைப்பையே தடுத்துவிடுகிறது. திரை அப்படியே நின்றுவிடும். இனி அடுத்த படகுதான். மைக்ரோடிக்கை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் மென்பொருளில் மேலே ‘சேஃப் மோட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, டெர்மினலில் கன்ட்ரோலும் எக்ஸும். வேலை தொடங்க முன் அதை அழுத்தியிருந்தால், இணைப்பு முறையாக மூடப்படாமல் அறுந்தவுடன் அதற்குப் பிறகு செய்த மாற்றங்களையெல்லாம் ரவுட்டரே திருப்பிவிடும். அறுந்ததை அது உணர ஒன்பது நிமிடம் வரை எடுக்கலாம். பதறி யாருக்கும் அழைப்பு எடுக்காமல் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நூறு மாற்றங்கள் வரைதான் அதற்கு நினைவிருக்கும். அதைத் தாண்டினால் சொல்லாமல் கொள்ளாமல் சேஃப் மோடை விட்டு வெளியே வந்துவிடும். பெரிய வேலையைத் துண்டு துண்டாகச் செய்யும்.

சிஸ்கோவில் மாற்றத்தைத் தொட முன் ‘ரிலோட் இன் 10’ கொடுத்துவிட்டால், பத்து நிமிடத்தில் அது மறுபடி தொடங்கிக் கடைசியாகச் சேமித்த அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியாக வந்தால் ரத்துச் செய்துவிட்டுச் சேமியும். முன்னதாகவே சேமித்துவிட்டால் பயனில்லை. ஜூனிபரில் ‘கொமிட் கன்ஃபர்ம்ட்’. அதுவும் பத்து நிமிடம் பார்த்திருந்து, நீர் உறுதி செய்யாவிட்டால் பழையபடி ஆக்கிவிடும். இவையெல்லாம் கருவிக்குள்ளேயே இருப்பவை, ஒரு சதமும் செலவில்லை. உமது பட்டியலில் இருக்கும் எந்த மென்பொருளும் இந்தக் காவலைத் தராது.

லினக்ஸ் சேர்வரில் இதே இடத்தில் நிற்பது டீமக்ஸ். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது 4ஜி விழுந்தால், சாதாரண எஸ்எஸ்எச் சாளரத்தில் தொடங்கிய வேலை நடுவில் நின்றுபோகக்கூடும். டீமக்ஸுக்குள் தொடங்கியிருந்தால் அது பாட்டுக்கு நடக்கும், நீர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளலாம். 2012இல் எம்ஐடியில் இருந்து வந்த மோஷ் இன்னும் ஒரு படி மேலே போகும். சிக்னல் விட்டு விட்டு வந்தாலும், உமது ஐபி முகவரியே மாறினாலும் சாளரம் சாகாது. ஆனால் எதிர்முனையிலும் அது நிறுவப்பட்டிருக்க வேண்டும், ரவுட்டரில் அது நடக்காது.

அடுத்தது வழி. தீவில் 4ஜி போட்டிருந்தாலும், 2025 யூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் போட்டிருந்தாலும், பெரும்பாலும் பொது ஐபி முகவரி கிடைக்காது, வெளியிலிருந்து ரவுட்டரைத் தேடிப் போக முடியாது. ரவுட்டர்தான் வெளியே வந்து உம்மைத் தேட வேண்டும். பொது முகவரி உள்ள ஒரு சிறிய சேர்வரை வாடகைக்கு எடுத்து, தீவில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் வயர்கார்ட் விபிஎன்னில் அதனோடு கட்டிவிடும். உயிர்ப்புச் செய்தி 25 விநாடிக்கு ஒருமுறை போகட்டும். மைக்ரோடிக்கின் ஏழாம் பதிப்பில் வயர்கார்ட் உள்ளேயே இருக்கிறது. இதைச் செய்த பிறகு எஸ்எஸ்எச், வின்பாக்ஸ், ஆர்டிபி எதையும் இணையத்துக்குத் திறந்து வைக்கத் தேவையில்லை. 2018இல் வின்பாக்ஸில் வெளிப்பட்ட ஓட்டையால், அந்த வாசல் வெளியே திறந்திருந்த ரவுட்டர்களின் கடவுச்சொற்களை உள்ளே நுழையாமலே எடுத்துக்கொண்டு போனார்கள். திருத்தம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்களின் ரவுட்டர்கள், அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் உலாவிகளை மாதக்கணக்கில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தன.

பழைய சுவிட்ச் ஏதாவது டெல்நெட்டில் மட்டும் பேசினால், அதை வயர்கார்டுக்கு வெளியே தொடவே வேண்டாம். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டார்கள். அதனால்தான் தாத்து யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். டெல்நெட் கடவுச்சொல்லைக் குறியாக்காமல் அனுப்புவதால், அதில் அந்த ஒட்டுக்கேட்பு இன்றும் சுலபம்.

இனி உமது பட்டியல். புட்டி போதும், ஆனால் 0.81 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். அதற்கு முந்தியவற்றில் 521 பிட் ஈசிடிஎஸ்ஏ சாவி பாவித்தவர்களின் இரகசியச் சாவியையே கணக்கிட்டு எடுக்க முடிந்தது. அப்படிச் சாவி வைத்திருந்தால் மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, சாவியையும் மாற்றும். மோபாஎக்ஸ்டெர்மின் இலவசப் பதிப்பு 12 இணைப்புகளைச் சேமிக்க விடும். தீவுகளில் உள்ள கருவிகளுக்கு அது சீக்கிரம் நிரம்பிவிடும். எம்ரிமோட்என்ஜிக்கு எல்லை இல்லை, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் நீராக ஒரு தாய்க் கடவுச்சொல் வைக்காவிட்டால், அது இணைப்புக் கோப்பைப் பூட்டும் சாவி உலகத்துக்கே தெரிந்த ஒன்று. அந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டு திரிந்து தொலைத்தால் எல்லாத் தீவையும் தொலைத்த மாதிரி. கடவுச்சொற்களைக் கீபாஸில் வைத்துக்கொண்டு, இதில் பெயரும் முகவரியும் மட்டும் வையும்.

எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் அலுவலக மேசைக் கணினிக்கு உதவும். 2024இல் இரண்டு நிறுவனங்களின் உள் அமைப்புகளுக்குள்ளும் ஆட்கள் புகுந்ததை அந்த நிறுவனங்களே அறிவித்தன. தீவில் உள்ள சேர்வருக்கான ஒரே வாசலாக இன்னொருவரின் சேவையை வைக்க நான் விடமாட்டேன். டொலர்ச் சந்தா பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச்சில் 200 ரூபாயை அண்டி நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியதை நீர் பார்த்தவர்தானே. சந்தா முடிந்த அன்றே உமது இணைப்புப் பட்டியலும் பூட்டப்படும் மென்பொருள் நமக்குத் தோதுப்படாது. அந்தக் காசை யூபிஎஸ் பற்றரிக்குப் போடும்.

பற்றரி என்றதும் ஞாபகம் வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் இயந்திரத்தில் ஓடிவந்தவை. இந்த மூன்று தீவுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி சேர்ந்த கலப்பு மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2,400 கிலோவாட் மணி பற்றரி, 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம் என்பது கணக்கு. இப்படிப்பட்ட நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் யாரோ தூர இருந்துதான் பார்க்க வேண்டிவரும். அது நீராகவும் இருக்கலாம். நெடுந்தீவில் தூதுப் புறாக்களுக்காகக் காலனிக் காலத்தில் கட்டிய கூடு இன்னும் நிற்கிறது, தூரத் தொடர்பு அந்த ஊருக்குப் புதிதில்லை.

கடைசியாக, எந்த மென்பொருளாலும் முடியாத நாளுக்கு ஒரு மனிதர் வேண்டும். தீவிலேயே இருக்கும் ஓர் எழுதுவினைஞரோ ஆசிரியரோ போதும். கொன்சோல் கேபிள் ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கட்டி வையும். எந்த விளக்கு எரிய வேண்டும், எந்தப் பிளக்கைக் கழற்றி எத்தனை விநாடி கழித்துப் போட வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும். இன்னும் கடல் அமைதியாகத்தான் இருக்கிறது. சோளகம் தொடங்க முன் ஒருமுறை நெடுந்தீவுக்குப் போய், அந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரவுட்டரின் மின்சாரத்தை நீரே நிறுத்திப் போட்டு, வயர்கார்ட் தானாக எழும்புகிறதா என்று பார்த்துவிட்டு வாரும்.

அன்புடன்,
அண்ணன்