முதல் சந்திப்புக்கு எதை எடுத்துப் போகிறீர்கள்?

நூற்பாலையில் பல வருடம் பராமரிப்புப் பிரிவைக் கவனித்த ஒருவர், வேலையை விட்டுவிட்டு மின்சிக்கன ஆலோசகராகத் தனியே இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் எதில் போகும்? கம்பெனிக்குப் பெயர், லோகோ, விசிட்டிங் கார்டு, பளபளப்பான எட்டுப் பக்க பிரோஷர், வெப்சைட். கையில் இருந்த சேமிப்பில் கணிசமான தொகையும் கூடவே போய்விடும். ஆலை முதலாளி அந்த பிரோஷரை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு மேசை ஓரத்தில் வைப்பார். அங்கே ஏற்கெனவே அதைப் போல நாலைந்து கிடக்கும்.

அவருக்குத் தெரிய வேண்டியது, 'இந்த ஆளுக்கு நம்ம மில்லைப் பத்தி என்ன தெரியும்?' என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாத எதையும் அச்சடிக்க வேண்டாம். புதிதாக வந்தவருக்கு வாடிக்கையாளர் பட்டியல் கிடையாது, பாராட்டுக் கடிதம் கிடையாது. ஆனால் வேலை தெரியும். அந்த வேலையில் ஒரு துண்டை முதல் சந்திப்பிலேயே முதலாளியின் கண்முன் வைக்க முடியும்.

சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே, கடந்த 12 மாத மின்கட்டண பில்லை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 'பார்த்துட்டு வந்தா உங்க நேரம் மிச்சமாகும்' என்று சொன்னால் பலர் அனுப்பிவிடுவார்கள். அதை வைத்து ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். உதாரணத்துக்கு, உயரழுத்த மின் இணைப்புள்ள ஆலை ஒன்று 500 கேவிஏ ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 12 மாதத்திலும் பதிவான உச்ச டிமாண்ட் 330-ஐத் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் பதிவான டிமாண்ட், ஒப்பந்த அளவில் 90 சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். ஆகவே அந்த ஆலை மாதாமாதம் 450 கேவிஏவுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தை 380-க்குக் குறைத்தால் 342-க்குக் கட்டினால் போதும். மிச்சம் 108 கேவிஏ. கேவிஏவுக்கு மாதம் சுமார் 600 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 65,000 ரூபாய். ஒரு மோட்டாரைக்கூட மாற்றாமல், ஒரு விண்ணப்பத்தில் நடக்கிற காரியம்.

இந்தக் கணக்கை அவருடைய பில் எண்களோடு, பெரிய எழுத்தில், நான்கைந்து வரியில் எழுதுங்கள். 'ஏனுங்க, இது நம்ம பில்லுங்களா?' என்று அவர் தாளைக் கையில் எடுத்தால் பேச்சு தொடங்கிவிட்டது.

அதே தாளின் அடியில் இன்னொரு வரியும் இருக்க வேண்டும். இந்த யோசனை எங்கே உதைக்கும் என்பதைச் சொல்லும் வரி. புது மெஷின் வாங்கும் திட்டம் இருந்தால் ஒப்பந்தத்தைக் குறைக்கக் கூடாது. 380-ஐத் தாண்டிப் போகும் டிமாண்டுக்கு இரட்டிப்புக் கட்டணம் விழும். என்னைக் கேட்டால், மேலே உள்ள 65,000-ஐவிட இந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம். லாபம் மட்டும் சொல்கிறவர்களை முதலாளிகள் தினமும் பார்க்கிறார்கள். ரிஸ்க்கையும் சேர்த்து எழுதித் தருகிறவரை அடுத்த வாரம் திரும்பக் கூப்பிடுவார்கள்.

அடுத்தது, ஷாப் ஃப்ளோரில் அவரே பார்க்கும்படி ஒரு சோதனை. காற்றுக் கம்ப்ரஸர் இருக்கும் ஆலைக்கு ஸ்டாப்வாட்ச் போதும். வாரவிடுமுறையில் காற்றை எந்த மெஷினும் எடுக்காத நேரத்தில் கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். லோடில் எத்தனை நிமிடம், அன்லோடில் எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். 2 நிமிடம் லோட், 6 நிமிடம் அன்லோட் என்றால், அந்தக் கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் கால்வாசி கசிவுக்கே போகிறது. ஸ்டாப்வாட்ச்சை மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் கையில் கொடுங்கள். அவர் எடுத்த கணக்கை அவரே முதலாளியிடம் சொல்லட்டும். தன் குறையைத் தோண்ட வந்த ஆள் என்று ஃபோர்மேன் நினைத்துவிட்டால், நீங்கள் எழுதும் எந்த அறிக்கையும் அந்த ஆலையில் நடைமுறைக்கு வராது.

பழைய வேலையின் அனுபவத்தை எப்படிக் காட்டுவது? பலர் சறுக்கும் இடம் இது. முன்பு இருந்த ஆலையின் அளவீடுகளும் படங்களும் அந்த ஆலைக்குச் சொந்தமானவை. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒன்றையும் காட்டாதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பெயர், எண் எல்லாம் நீக்கி, என்ன பிரச்சினை, எப்படி அளந்தோம், என்ன மாற்றினோம் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். குழுவாகச் செய்ததைக் குழு செய்தது என்றே எழுதுங்கள். போட்டி ஆலையின் ரகசியத்தை இன்று தன்னிடம் சொல்கிறவர் நாளை தன் ரகசியத்தை எங்கே சொல்வார் என்று முதலாளி கணக்குப் போடுவார்.

பட்டத்திலும் அதே கறார் வேண்டும். எரிசக்தித் திறன் பணியகத்தின் தேசியத் தேர்வில் எரிசக்தி மேலாளர், எரிசக்தித் தணிக்கையாளர் என்று இரண்டு தகுதிகள் உண்டு. எதில் தேறினீர்களோ அதை மட்டும் கார்டில் போடுங்கள். 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி பெரிய ஆலைகளுக்குக் கட்டாயமான தணிக்கையை, அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளர்தான் செய்ய முடியும். சிறு ஆலைகளில் அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் களமும் முதலில் அதுதான்.

புரபோசல் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன செய்வீர்கள், எத்தனை நாள், கையில் என்ன தருவீர்கள், அவர்கள் தரவேண்டிய விவரம் என்ன, கட்டணம் எவ்வளவு, எதெல்லாம் இதில் சேராது. கடைசி வரியை விட்டுவிட்டால், 'அப்படியே அந்த ஜெனரேட்டரையும் பார்த்திருங்க' என்பதில் ஆரம்பித்து ஒரு மாதம் ஓடிவிடும். பில்லைப் படித்துச் சொல்வது இலவசம். ஆலைக்குள் கருவியோடு நுழைந்தால் கட்டணம். இந்தக் கோட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். இலவசமாகக் கிடைத்த அறிக்கை அலமாரியில்தான் தூங்கும்.

காகித வேலைகள் சில. உத்யம் பதிவு இலவசம். ஆலோசனைத் தொழிலுக்கும் உண்டு. பதிவு இருந்தால், 2006-ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

பிரோஷருக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு நல்ல பவர் அனலைசரை வாடகைக்கு எடுக்கலாம். நேரத்தை உள்ளூர் சிறுதொழில் சங்கக் கூட்டத்தில் அரைமணி பேசச் செலவிடலாம். கோவையில் கொடிசியா போல, தொழிற்பேட்டை உள்ள பல ஊர்களில் சிறுதொழில் சங்கம் ஒன்று இருக்கும். 'மின் பில்லில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்' என்று தலைப்புக் கொடுத்து, வருகிறவர்களைச் சொந்த பில்லோடு வரச் சொல்லுங்கள். உங்கள் சேவையைப் பற்றி மேடையில் பேச வேண்டிய தேவையே இருக்காது; கூட்டம் முடிந்ததும் பில்லை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முதல் வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து, அழைக்காமலே அந்த ஆலைக்குப் போய்ப் புதிய பில்களைக் கேட்டு வாங்குங்கள். சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, குறைந்திருந்தாலும் மறைக்காமல், ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கையெழுத்துக் கேளுங்கள். பொதுவான பாராட்டுக் கடிதம் வேண்டாம். அதோடு, 'வேற மில்லுக்காரங்க போன் பண்ணினா ரெண்டு வார்த்தை பேசுவீங்களா?' என்றும் கேட்டுவிடுங்கள். சரி என்றால், ஒவ்வொரு முறை அவர் எண்ணைக் கொடுக்கும் முன்னும், யார் கூப்பிடப்போகிறார், எதற்காக என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.