கம்பளம் கழுவுவோர்க்கு ஒரு பீ.எச். பாடம்

தோட்டமும் வயலும் விட்டு வந்த நம் குடும்பங்களிலிருந்து பல பிள்ளைகள் ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் துப்புரவு வேலைக்குப் போகின்றார்கள். அவர்களுள் ஒரு தம்பி, கம்பளி விரிப்பில் தேநீர் சிந்திய இடத்தைச் சலவைத்தூள் போட்டுத் தேய்த்தார். கறை இன்னும் கறுத்தது. கம்பளியும் கட்டிபட்டுச் சொரசொரத்தது. நட்டம் அவருடைய சம்பளத்திலே கழிக்கப்பட்டது. அவர் சோம்பேறியல்லர். ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காத விடயம் ஒன்றுண்டு. அதை நாம் இங்கே படிப்போம்.

1. அமிலமும் காரமும்

தேசிக்காய், பழப்புளி, வினாகிரி ஆகியவை புளிக்கும். இவை அமிலத் தன்மையுடையவை. சாம்பல் நீரும் சவர்க்கார நீரும் கையில் வழுவழுக்கும். இவை காரத் தன்மையுடையவை. இத்தன்மையை அளக்கும் பீ.எச். அளவை 1909இல் டென்மார்க் நாட்டு இரசாயன அறிஞர் சோரென்சன் வகுத்தார். அது 0 முதல் 14 வரை செல்லும். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தேசிப்புளி ஏறக்குறைய 2, அப்பச்சோடா நீர் 8, சலவைத்தூள் நீர் 10, கோஸ்டிக் சோடா நீர் 13 அளவில் நிற்கும். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மறவாதிருப்போம். 8இலிருந்து 10க்குப் போனால் காரம் இரு மடங்கன்று, நூறு மடங்கு கூடுகின்றது.

2. விரிப்பு எந்த இனம்?

கம்பளி ஆட்டின் மயிர். நம் தலைமயிரைப் போலவே அதையும் காரம் அரிக்கும். அதற்கு 8க்கு மேற்பட்ட எதுவும் வேண்டாம். நைலோன் விரிப்பு 10 வரை தாங்கும். சணல், பருத்தி ஆகியவற்றில் கார நீர் ஊறி நெடுநேரம் நின்றால் பழுப்பு ஏறும்.

3. கறை எந்த இனம்?

எண்ணெய்ப் பிசுக்கை இளங்காரம் இளக்கும். தேநீர், கோப்பிக் கறைகளையோ காரம் கறுக்கச் செய்யும். அவற்றுக்கு மெல்லிய அமிலமே ஏற்றது. ஒரு லீற்றர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி போதும். முதலில் மறைவான மூலையில் தடவி, சாயம் போகின்றதா என்று பார்க்க வேண்டும். பின்பு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

4. மஞ்சள் தாள் சோதனை

காரம் மீந்திருந்தால் விரிப்பில் அழுக்கு விரைவில் மீண்டும் பிடிக்கும். ஆகவே நல்ல நீரால் அலச வேண்டும். காரம் போய்விட்டதா என அறிய, வெள்ளைத் தாளை மஞ்சள் நீரில் தோய்த்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஈர விரிப்பை வெள்ளைத் துணியால் ஒற்றி, அந்த நீரில் ஒரு துளியைத் தாளில் விடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தாற்போலத் தாள் சிவந்தால் காரம் இன்னும் இருக்கின்றது. மஞ்சளாகவே நின்றால் வேலை முடிந்தது. தாளை விரிப்பில் வைக்க வேண்டாம். மஞ்சள் கறை போகாது.

5. உயிருக்கு ஆபத்து

வெளிற்றும் திராவகத்தோடு வினாகிரியையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு எழும். அது மூச்சை அடைத்து உயிரையே பறிக்கலாம். அமோனியாவோடு கலந்தாலும் நச்சு வாயு உண்டாகும். வெளிற்றும் திராவகம் கம்பளியையும் கரைத்துவிடும். கையுறை அணிந்து, யன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்வோம்.

உவர் நிலத்தையும் நல்ல நிலத்தையும் பிரித்தறிந்து பயிரிட்டவர்கள் நாம். அந்த அறிவு நம்மோடு கூடவே வந்திருக்கின்றது. தெரிந்து செய்பவரின் கூலியை எளிதில் எவரும் கழிக்க முடியாது.

கூடிப் பேசுவதற்கு:

அ. நம் வீட்டிலுள்ள பொருட்களில் அமிலம் எவை, காரம் எவை?

ஆ. வேலைத்தலத்தில் போத்தலின் பெயர்த்தாளை வாசித்துக் காட்டும்படி கேட்க நாம் ஏன் தயங்குகின்றோம்?