கறுப்புக் கத்தி வாங்கும் முன்

பாரிமுனை டூல்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் கறுப்பு அலகுக் கத்திகள் மலிந்து கிடக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பெட்டி பிரிப்பவர், காக்களூர் சிட்கோவில் பட்டறை வைத்திருப்பவர், பழவேற்காட்டில் மீன் ஆய்பவர், மூவரிடமும் ஒரே கத்தியைக் காட்டி “துருப் பிடிக்காது சார்” என்கிறார்கள். பாதிதான் உண்மை. கறுப்புப் பூச்சு அலகின் பக்கத்தைக் காக்கும், வாயைக் காக்காது. தீட்டிய வாயில் பூச்சே இருக்காது, வெறும் இரும்புதான்.

கறுப்புக்குப் போரில் ஒரு வேலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களின் ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தியைக் கறுப்பாக்கியது, இருட்டில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. நம் வெங்காயம் கத்தி மின்னுவதைப் பார்த்து ஓடப்போவதில்லை. ஆகவே அழகுக்கு எவ்வளவு, உபயோகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தே காசை எடுங்கள்.

முதல் வேலை, அது எந்தக் கறுப்பு என்று கண்டுபிடிப்பது. கடையில் நான்கு வகை புழங்குகிறது.

ஒன்று பிளாக்கனிங். ஆலன் போல்ட்டில் பார்க்கிறீர்களே, அதே குடும்பம். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டியில் சுமார் 140 டிகிரி செல்சியஸில் இரும்பை முக்கினால், மேல்தோல் மட்டும் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டித்தான். அதனால் அளவு மாறாது, உரிந்தும் விழாது. ஆனால் அந்தத் தோல் தனியாகத் துருவைத் தடுக்காது; அதில் ஊறி நிற்கும் எண்ணெய்தான் தடுக்கிறது. எண்ணெய் போனால் காவலும் போயிற்று.

இரண்டாவது பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங். இதில் பவுடர் கோட்டிங் பொதுவாக ஐம்பது, அறுபது மைக்ரானுக்கு மேல் தடிமன். கீறல் விழாதவரை நன்றாகக் காக்கும். கீறல் விழுந்தால் ஈரம் அடியில் ஊர்ந்து, வெளியே தெரியாமல் அரிக்கும். மூன்றாவது, நான்ஸ்டிக் தவாவில் இருப்பது போன்ற டெஃப்லான் பூச்சு. மலிவான சமையல் கத்திகளில் வருவது. கம்பி நார் பட்டால் ஆயுள் முடிந்தது.

நான்காவதுதான் நிஜமான சரக்கு: பிவிடி. வெற்றிட அறையில் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு போன்ற சேர்மத்தையோ, வைரம் போன்ற கரிப்படலத்தையோ சில மைக்ரான் அளவுக்குப் படிய வைப்பார்கள். நன்றாகத் தோய்ச்சல் போட்ட கத்தி எஃகு விக்கர்ஸ் அளவில் 700 வாக்கில் இருக்கும். இந்தப் பூச்சு 2000-ஐத் தாண்டும். விலையும் அப்படித்தான். ஆனால் அடியில் மெத்தென்ற எஃகு இருந்தால், தலையணை மேல் கண்ணாடி வைத்த கதை: அழுத்தினால் விரிசல்தான்.

அடுத்தது சோதனை. நகத்தை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள். தீட்டிய இடம் தொடங்கும் எல்லையில் படி போலத் தட்டினால் தடித்த பூச்சு. வீட்டுக்கு வந்ததும் பிடியை ஒட்டிய ஓரத்தில் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சைக் கொஞ்ச நேரம் வையுங்கள். நிறம் வெளுத்தால் பிளாக்கனிங். நெயில் பாலிஷ் ரிமூவரில் கறுப்பு பஞ்சுக்கு வந்தால் சாதாரண பெயின்ட். இரண்டுக்கும் அசையாமல், மெல்லியதாக, நகத்தில் தட்டாமல் இருந்தால் பெரும்பாலும் பிவிடி.

இனி, வேலையைப் பொறுத்து முடிவெடுங்கள். சமையலுக்குப் பிளாக்கனிங் வேண்டாம். புளியும் மாங்காயும் அதைக் கரைத்துவிடும். பெயின்ட் கத்தி கேன்டீனுக்கு ஆகவே ஆகாது. உரிந்த கறுப்புச் செதில் வெள்ளை மீன் சதையில் கண்ணுக்குத் தெரியும், மிளகுக் குழம்பில் எப்படித் தெரியும்? பழவேற்காடு போன்ற உப்பங்கழி ஓரத்தில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. அங்கே நுண்துளையுள்ள எந்தப் பூச்சையும் நம்புவதைவிடப் பூச்சில்லாத நல்ல ஸ்டெயின்லெஸ் கத்தியே மேல்.

பெட்டி பிரிக்கும் கட்டரில் கதை வேறு. அங்கே கறுப்பு பிளேடு என்றால் பூச்சைவிடத் தீட்டின கோணம்தான் விஷயம். பொதுவாக வெள்ளி பிளேடைவிடக் கூர்மை அதிகம், ஆயுள் குறைவு. அட்டை, ஃபிலிம், டேப்புக்கு வாங்குங்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ராப்பை நெம்ப வேண்டாம், முனை ஒடிந்து கண்ணுக்குப் பறக்கும்.

சொந்தமாகக் கத்தி செய்து கோட்டிங் கொடுக்கும் பட்டறைக்காரர்கள் கோட்டிங் கம்பெனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, வெப்பம். பல பிவிடி வேலைகள் 400 டிகிரிக்கு மேல் நடக்கின்றன. இஎன்31 போன்ற எஃகைக் கெட்டியாக இருக்கட்டும் என்று 200 டிகிரிக்குள் டெம்பர் செய்திருப்பீர்கள். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது கறுப்பு இருக்கும், கெட்டி இருக்காது. பவர் ஹேக்ஸா பிளேடில் செய்த ஹைஸ்பீடு கத்திகள் தாங்கும். ஒருபக்கம் மட்டும் சரிவுள்ள ஸ்லிட்டிங் கத்தி என்றால் தட்டைப் பக்கத்துக்குப் பூச்சு கொடுத்து, சரிவுப் பக்கத்தில் மட்டும் தீட்டுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு தீட்டலுக்குப் பிறகும் பூச்சு வாய்வரை நிற்கும். வாய்க்கும் பூச்சு உதவுகிற இடம் இது ஒன்றுதான்.

வீட்டில் கறுப்பாக்கிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். காஸ்டிக் தொட்டி விளையாட்டல்ல. 140 டிகிரியில் ஒரு கை தண்ணீர் பட்டால் முகத்தில் தெறிக்கும். குளிர்முறைத் திரவங்கள் பலவற்றில் செலினியம் என்ற நஞ்சு இருப்பதால், சாப்பாட்டுக் கத்தியில் தடவவே கூடாது. கார்பன் எஃகுக் கத்தியானால் புளியையும் வெங்காயத்தையும் அறுத்து அறுத்துத் துடைத்து வையுங்கள். சாம்பல் கறுப்பு தானாக ஏறும், செலவு இல்லை.

பராமரிப்பு எளிது. நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, வாயில் ஒரு சொட்டு எண்ணெய்: சமையலுக்குத் தேங்காய் எண்ணெய், பட்டறைக்கு மெஷின் ஆயில். தோல் உறையில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் பூச்சும் போகும், சூட்டில் பதமும் போகும். தண்ணீர்க் கல்லில் நீங்களே தீட்டுங்கள்.

இன்னொன்று. 2016 ஆயுத விதிகளின்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்து, வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்காகச் செய்யப்படாததானால் அது ஆயுதப் பட்டியலில் சேரும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் கமாண்டோ பாணிக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறாதீர்கள்.

கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது என்ன எஃகு, இது என்ன கறுப்பு? முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், இரண்டாவதைக் கேட்காமல் கத்தியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.